கர்ப்பப்பை எடுத்த 42 வயது அக்காவுக்கு ஹார்மோன் மருந்து கொடுக்கலாமா?

கேள்வி: அக்காவுக்கு 42 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஃபைப்ராய்டு கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதிலிருந்து திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, ராத்திரி தூக்கமில்லை, தொட்டதற்கெல்லாம் அழுகை. ஹார்மோன் சமநிலை கெட்டுவிட்டது, எச்.ஆர்.டி., அதாவது குறைந்த ஹார்மோனை மருந்தாகக் கொடுக்கும் சிகிச்சை, ஆரம்பிக்கலாம் என்கிறார் டாக்டர். வீட்டில் எல்லோரும் புற்றுநோய் வரும் என்று பயப்படுகிறார்கள். எங்கள் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது. அக்கா தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறாள். கொடுக்கலாமா, வேண்டாமா?

பதில்:

முதலில் பீரோவைத் திறந்து அக்காவின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுங்கள். ஆபரேஷன் பெயர் எழுதியிருக்கும் இடத்தில் டி.ஏ.எச். என்றோ, லேப்ராஸ்கோப்பியில் செய்திருந்தால் டி.எல்.எச். என்றோ இருக்கும். கருப்பையை எடுத்ததற்கான குறிப்பு அது. அதை ஒட்டி பி.எஸ்.ஓ. என்ற மூன்று எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டு சினைப்பைகளையும், அதாவது ஓவரிகளையும், சேர்த்து எடுத்துவிட்டார்கள் என்று பொருள். வெறும் பி.எஸ். என்று இருந்தால் கருக்குழாய்களை மட்டும் எடுத்திருக்கிறார்கள், சினைப்பைகள் உள்ளேதான் இருக்கின்றன. நான் சொல்லப்போகும் பதிலில் பாதி அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது.

சம்மரி கிடைக்கவில்லை என்றால் பயாப்சி ரிப்போர்ட்டைத் தேடுங்கள். என்னென்ன உறுப்புகள் பரிசோதனைக்கு வந்தன என்பது அதன் முதல் இரண்டு வரிகளிலேயே இருக்கும். அதுவும் இல்லையென்றால் ஆபரேஷன் செய்த இடத்தில் பழைய கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கலாம். அதைக் கேட்பது நோயாளியின் உரிமை, தயங்க வேண்டாம்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் மகளிர் நல மருத்துவராக இருக்கிறேன். “கர்ப்பப்பை எடுத்தாச்சு டாக்டர்” என்று வருபவர்களிடம் “ஓவரியை விட்டுவைத்தார்களா?” என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. “எல்லாத்தையும் கிளீன் பண்ணியாச்சுன்னு சொன்னாங்க” என்பார்கள். இந்த ‘எல்லாம்’ என்ற சொல் எனக்குப் பல வருடக் கோபம். ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து இரண்டு சுரப்பிகளை எடுத்துவிட்டு, எடுத்தோம் என்று அவளிடம் தெளிவாகச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்புகிறோம். பிறகு அவள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருக்கும்போது “உனக்கு டென்ஷன் ஜாஸ்தி” என்கிறோம்.

கருப்பை மாதவிடாய் வரும் இடம், அவ்வளவுதான். அது ஹார்மோன் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜனையும் புரொஜெஸ்டிரோனையும் சுரப்பவை சினைப்பைகள். கருப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும், ஆனால் ஹார்மோன் ஓடிக்கொண்டிருக்கும். சினைப்பைகளையும் எடுத்தால் அன்று மாலையே மெனோபாஸ். இயற்கையாக மாதவிடாய் நிற்கும் பெண்ணுக்கு இந்த ஹார்மோன் இறக்கம் நாலைந்து வருடம் ஏறி இறங்கி நடக்கும், உடம்பு பழகிக்கொள்ள அவகாசம் உண்டு. ஆபரேஷனில் அந்த அவகாசம் கிடையாது, ஃபியூஸைப் பிடுங்கியது மாதிரி. அதனால்தான் அவர்களுக்குத் தொல்லைகளும் கடுமையாக இருக்கும்.

அந்தக் கொதிப்பு எதனால் என்றும் சொல்லிவிடுகிறேன், பலர் இதை மனப்பிரமை என்று நினைக்கிறார்கள். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிதான் உடம்பின் சூட்டைக் கட்டுப்படுத்துகிறது. அங்கே ஒரு நரம்புக் கூட்டத்தை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் இல்லாதபோது அந்த நரம்புகள் கட்டுப்பாடின்றித் துள்ளுகின்றன. உடம்பின் சூடு கால் டிகிரி ஏறினாலும் மூளை “ஐயோ, சூடு” என்று தப்பாகப் புரிந்துகொண்டு இரத்தக் குழாய்களை விரிக்கிறது, வியர்வையைக் கொட்டுகிறது, இதயத்தை வேகமாக ஓடவிடுகிறது. படபடப்பும் இதன் பகுதிதான். இதற்காக இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்து எதுவும் இல்லை என்று திரும்பி, கடைசியில் என்னிடம் வருபவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. (இசிஜி எடுத்தது தப்பில்லை. எடுத்துப் பார்த்துவிடுவதே நல்லது.)

உங்கள் அக்கா தனி ஆள் இல்லை. 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் சுமார் 3 சதவீதம் பேருக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருந்தது. ஆந்திரத்திலும் தெலுங்கானாவிலும் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். 2019-ல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் இளம் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கருப்பையை எடுத்துக்கொண்ட செய்தி வெளிவந்தது. மாதவிடாய் நாட்களில் விடுப்பு எடுத்தால் கூலி பிடித்தம், அதுதான் பின்னணி. தேவையில்லாத கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அக்காவின் ஆபரேஷன் தேவையில்லாதது என்று நான் சொல்லவில்லை. ஃபைப்ராய்டுக்குச் சில நேரம் அதுதான் வழி. ஆனால் ஃபைப்ராய்டு கருப்பையில் வளரும் கட்டி. அதற்காக 40 வயதில் நல்ல சினைப்பையை எடுக்கப் பொதுவாகக் காரணம் இல்லை. “பின்னால் அதில் புற்றுநோய் வந்துவிட்டால்?” என்று எடுத்துவிடும் பழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது.

சரி, பி.எஸ்.ஓ. என்று எழுதியிருந்தது என்றே வைத்துக்கொள்வோம்.

அப்படியானால் என் பதில்: தடை எதுவும் இல்லையென்றால் கொடுக்க வேண்டும். ‘கொடுக்கலாம்’ என்று சொல்லவில்லை, கவனியுங்கள். 42 வயதில் சினைப்பை இல்லாத பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுப்பது வசதிக்காகச் சாப்பிடும் மாத்திரை இல்லை. தைராய்டு வேலை செய்யாதபோது தைராக்ஸின் கொடுக்கிறோமே, அதே கணக்கு. அக்கா தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறாரே, அதற்கு யாரும் பயப்படவில்லையே?

கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் பேசுவதில்லை. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள், 1950 முதல் 1987 வரை அந்த வட்டாரத்தில் சினைப்பை எடுக்கப்பட்ட பெண்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 45 வயதுக்கு முன் இரண்டு சினைப்பைகளையும் இழந்து ஈஸ்ட்ரோஜனும் எடுக்காத பெண்களுக்கு இதய நோய், மறதி நோய், அகால மரணம் ஆகியவை மற்றவர்களைவிட அதிகம். ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்டவர்களிடம் அந்த வித்தியாசம் பெரும்பாலும் காணவில்லை. எலும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மெனோபாஸ் வந்த முதல் ஐந்து முதல் ஏழு வருடங்களில்தான் எலும்பு வேகமாகக் கரையும். 46, 47-ல் தொடங்க வேண்டிய அந்தக் கரைச்சல் 40-லேயே தொடங்கினால் 65-ல் வழுக்கி விழும்போது தெரியும்.

இந்தியப் பெண்களுக்கு இயற்கையாக மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். மேலை நாடுகளில் 51. எந்தக் கணக்கில் பார்த்தாலும் அக்காவுக்கு இன்னும் சில வருடம் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் இருந்திருக்க வேண்டிய காலம். சுமார் 50 வயது வரை தொடர்ந்து கொடுத்துவிட்டு அங்கே நின்று யோசிப்பதுதான் வழக்கம்.

இப்போது அந்தப் பயத்துக்கு வருகிறேன். அது ஆகாயத்திலிருந்து வந்த பயம் இல்லை, அதற்கு ஒரு தேதி உண்டு.

ஹார்மோன் சிகிச்சை ஒரு காலத்தில் சாக்லேட் மாதிரி விநியோகிக்கப்பட்டது. கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரைக்கு 1942-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அறுபதுகளில் “என்றும் இளமை” என்று விற்றார்கள். 1975-ல் வெளிவந்த ஆய்வுகள், ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகச் சாப்பிட்ட பெண்களுக்குக் கருப்பையின் உள்படலத்தில் புற்றுநோய் பல மடங்கு கூடுகிறது என்று காட்டின. அதற்குத் தீர்வாகப் புரொஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மறுபடி விற்பனை ஏறியது. பிறகு, மாரடைப்பைத் தடுக்கவும் இதைக் கொடுக்கலாமே என்ற எண்ணத்தைச் சோதிக்க டபிள்யூ.எச்.ஐ. என்ற மாபெரும் ஆய்வை அமெரிக்க அரசே நடத்தியது.

2002 ஜூலையில் அந்த ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். நான் அப்போது மகளிர் நல மருத்துவத்துக்கான டி.ஜி.ஓ. படித்துக்கொண்டிருந்தேன். காலை ரவுண்டில் எங்கள் சீஃப், செய்தித்தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, “இனிமே யாருக்கும் ஈஸ்ட்ரோஜன் எழுதாதீங்க” என்றார். ஏன், யாருக்கு, எந்த வயதில் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. உலகம் முழுக்க அப்படித்தான் நடந்தது. லட்சக்கணக்கான பெண்கள் ஒரே வாரத்தில் மருந்தை நிறுத்தினார்கள். என் தலைமுறை மருத்துவர்கள் பலர் இந்த மருந்தை எழுதப் பழகாமலேயே வளர்ந்துவிட்டோம். அந்தப் பயம்தான் உங்கள் வீட்டு வரவேற்பறை வரை வந்திருக்கிறது.

அந்த ஆய்வில் உண்மையில் என்ன இருந்தது? நிறுத்தப்பட்ட பகுதியில் 16,608 பெண்கள். எல்லோருக்கும் கருப்பை உண்டு. சராசரி வயது 63. மெனோபாஸ் முடிந்து பத்து, பன்னிரண்டு வருடம் ஆனவர்கள் பலர். குதிரை ஈஸ்ட்ரோஜனையும், மெட்ராக்ஸிப்ரொஜெஸ்டிரோன் என்ற செயற்கை மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்று தலைப்புச் செய்தி வந்தது. எண்ணிக்கையாகச் சொன்னால், மருந்து சாப்பிடாத 10,000 பேரில் ஒரு வருடத்தில் 30 பேருக்கு வந்த நோய், சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு வந்தது. பத்தாயிரத்துக்கு எட்டுப் பேர் கூடுதல். இது ஒன்றுமில்லை என்று தள்ளமாட்டேன், அந்த எட்டில் ஒருவர் நம் வீட்டில் இருக்கலாம். ஆனால் ‘26 சதவீதம்’ என்று கேட்டதும் நூற்றில் 26 பேருக்குப் புற்றுநோய் என்று புரிந்துகொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், படித்தவர்கள் உட்பட. பக்கவாதமும் நுரையீரலில் இரத்தக்கட்டியும்கூட அதே அளவில் கூடின. இடுப்பெலும்பு முறிவும் பெருங்குடல் புற்றுநோயும் குறைந்தன.

அக்காவுக்குப் பொருந்தும் ஆய்வு அதன் தங்கை ஆய்வு. கருப்பை எடுக்கப்பட்ட 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தார்கள். அதையும் 2004-ல் நிறுத்தினார்கள், பக்கவாதம் கூடியதால். ஆனால் மார்பகப் புற்றுநோய்? கூடவில்லை. குறைந்தது. 2020-ல் வெளியான இருபது வருடத் தொடர் கணக்கில், ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவதும் அதனால் இறப்பதும் மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிடக் குறைவு. இந்தச் செய்தி எந்த முதல் பக்கத்திலும் வரவில்லை. நல்ல சேதிக்குக் கால் கிடையாது.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019-ல் உலகின் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய அலசல் வந்தது. 50 வயதில் ஆரம்பித்து ஐந்து வருடம் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தால் சுமார் 200 பேரில் ஒருவருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வரும் என்றது அது. தினமும் புரொஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்த்தால் 50 பேரில் ஒருவர். இந்த இரண்டு கணக்குகளும் முழுதாக ஒத்துப்போகவில்லை, மருத்துவர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் இவை எல்லாமே 50 வயதுக்கு மேல் கூடுதலாக ஹார்மோன் எடுப்பவர்களின் கணக்கு. 42 வயதுப் பெண்ணுக்கு நாம் கூடுதலாக எதையும் கொடுக்கவில்லை. அவர் வயதில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் உடம்பில் தானாகவே இருப்பதைத் திருப்பிக் கொடுக்கிறோம். 63 வயதுக்காரர்களின் எண்ணைக் காட்டி 42 வயதுக்காரரைப் பயமுறுத்துவதுதான் இந்த விஷயத்தில் நான் பார்க்கும் மிகப் பெரிய தவறு.

2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இந்த மருந்துகளின் உறையில் இருந்த கருப்புக் கட்ட எச்சரிக்கையின் பெரும்பகுதியை நீக்குவதாக அறிவித்தது. கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் வரும் கருப்பைப் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையை வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு சமூக ஊடகத்தில் ஒரு கூட்டம், எல்லாப் பெண்களும் இளமைக்காக இதைச் சாப்பிட வேண்டும் என்று கிளம்பியிருக்கிறது. அறுபதுகளின் அதே வியாபாரம், புது ரீல்ஸில். மாரடைப்பு வராமல் இருக்கவோ, மறதி வராமல் இருக்கவோ, தோல் பளபளக்கவோ இதை யாருக்கும் நான் எழுதமாட்டேன். 65 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்தால் மறதி நோய் கூடும் என்றே டபிள்யூ.எச்.ஐ. காட்டியது.

அத்தை விஷயம். நம் ஊரில் பரம்பரை நோய் என்றால் அம்மா வழியை மட்டும் பார்க்கும் பழக்கம் உண்டு. அப்பா வழியும் அதே அளவு முக்கியம். மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிராக்கா மரபணுக் கோளாறு அப்பா மூலமாகவும் மகளுக்கு வரும். அப்பா தனக்கு எந்த நோயும் வராமலேயே அதைக் கடத்தலாம். அதனால் நான் கேட்க விரும்புவது: அத்தைக்கு எந்த வயதில் வந்தது? 65-ல் ஒரே ஒருவருக்கு வந்ததென்றால் அது அக்காவின் முடிவைப் பெரிதாக மாற்றாது. 38-ல் வந்தது, அல்லது இரண்டு மார்பிலும் வந்தது, அல்லது அப்பா வழியில் இன்னொருவருக்குச் சினைப்பைப் புற்றுநோய் உண்டு என்றால் மரபணு ஆலோசனைக்குப் போகவேண்டும், முடிந்தால் முதலில் அத்தைக்குப் பரிசோதனை. பிராக்கா கோளாறு இருந்தாலும்கூட, மார்பகப் புற்றுநோய் வராத இளம் பெண்ணுக்குச் சினைப்பை எடுத்தபின் ஹார்மோன் கொடுப்பதை இன்றைய வழிகாட்டுதல்கள் தடுக்கவில்லை. அங்கே நிபுணர் உட்கார்ந்து பேசவேண்டும், அவ்வளவுதான்.

கட்டாயம் கொடுக்கக் கூடாதவர்கள் உண்டு. தனக்கே மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் கண்டுபிடிக்காத இரத்தப்போக்கு உள்ளவர்கள், காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி இருப்பவர்கள், சமீபத்தில் மாரடைப்பு அல்லது பக்கவாதம் வந்தவர்கள், கல்லீரல் நோய் தீவிரமாக இருப்பவர்கள். பி.பி.யும் சர்க்கரையும் தடை இல்லை, ஆனால் முதலில் அவற்றைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

எந்த வடிவில் கொடுப்பது என்பதில் எனக்குத் தனி விருப்பம் உண்டு. மாத்திரையாகச் சாப்பிட்டால் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே இரத்தம் உறையச் செய்யும் புரதங்களைக் கூட்டிவிடுகிறது. இரத்தக்கட்டி ஆபத்து வருவது இந்த வழியில்தான். தோலில் தடவும் ஜெல் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு இரத்தத்தில் கலக்கிறது. பிரான்ஸில் நடந்த ஆய்வுகளில் ஜெல்லும், தோலில் ஒட்டும் பேட்சும் இரத்தக்கட்டியைக் கூட்டவில்லை. அதனால் எடை அதிகம் உள்ளவர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள், பி.பி. உள்ளவர்களுக்கு ஜெல்தான் என் தேர்வு. நம் ஊரில் பேட்ச் சுலபமாகக் கிடைப்பதில்லை, எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஜெல் கிடைக்கிறது. குளித்து முடித்துத் துடைத்தபின் மேல்கையிலோ தொடையிலோ தடவி, காய்ந்தபின் உடை உடுத்தவேண்டும். மார்பில் தடவக் கூடாது. தடவிய இடம் சின்னக் குழந்தைகள் மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

மாத்திரைதான் வசதி என்றால் எஸ்ட்ராடையால் வேலரேட் இருக்கிறது, அதுவும் நல்ல மருந்தே. ஒன்று கவனிக்க வேண்டும்: 42 வயதில் சினைப்பை இல்லாதவருக்கு 55 வயதுக்காரருக்குக் கொடுக்கும் 1 மில்லிகிராம் பல நேரம் போதாது, 2 மில்லிகிராம் வரை தேவைப்படும். குறைந்த அளவில் கொடுத்துவிட்டு, “ஹார்மோன் கொடுத்தும் கேட்கவில்லை” என்று கைவிட்ட கதைகள் எனக்குத் தெரியும். மூன்று, நான்கு வாரத்தில் கொதிப்பு குறைய ஆரம்பிக்கும். முழுப் பலன் தெரிய மூன்று மாதம் கொடுங்கள். கொதிப்பின் எண்ணிக்கை முக்கால் பங்கு குறையும் என்பது ஆய்வுகளின் சராசரி. இதற்கு நிகரான வேறு மருந்து இன்றுவரை கிடையாது.

கருப்பை இல்லாததால் அக்காவுக்குப் புரொஜெஸ்டிரோன் வேண்டியதில்லை. அதைப் பாதுகாப்புக்காகக் கொடுப்பது கருப்பையின் உள்படலத்துக்குத்தான். விதிவிலக்கு இரண்டு: பயாப்சியில் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளர்வது) என்று எழுதியிருந்தாலோ, கருப்பையின் வாய்ப்பகுதியை விட்டுவைத்திருந்தாலோ மருத்துவர் சேர்க்கச் சொல்லலாம். அதனால்தான் அந்தக் காகிதங்களைத் தேடச் சொன்னேன். (இதைப் படிக்கும் கருப்பை உள்ள பெண்களுக்கு: அக்காவின் மருந்துச் சீட்டைப் பார்த்து நீங்கள் வாங்கிச் சாப்பிடாதீர்கள். உங்களுக்குப் புரொஜெஸ்டிரோன் கட்டாயம். நான் பெரும்பாலும் மைக்ரோனைஸ்டு புரொஜெஸ்டிரோன் மாத்திரையை இரவில் எழுதுவேன், தூக்கமும் நன்றாக வரும். கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் லூப்பும் அந்த வேலையைச் செய்யும். மாதவிடாய் இன்னும் முழுதாக நிற்காதவர்கள், இந்த மருந்து கருத்தடையாகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.)

தைராய்டு மாத்திரையைக் கேட்டீர்கள். இரண்டும் சேர்ந்து சாப்பிடலாம். ஆனால் ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக எடுத்தால், இரத்தத்தில் தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதம் கூடும். அதனால் இதுவரை போதுமாக இருந்த தைராக்ஸின் அளவு போதாமல் போகலாம். ஆரம்பித்து இரண்டு, மூன்று மாதத்தில், தைராய்டு அளவு சரியா என்று காட்டும் டி.எஸ்.எச். மறுபடி பார்த்து அளவைச் சரிசெய்ய வேண்டும். ஜெல்லில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. இன்னொரு காரணம் ஜெல்லுக்கு.

இனி மறுபக்கம். சம்மரியில் பி.எஸ்.ஓ. இல்லை, சினைப்பைகள் உள்ளே இருக்கின்றன என்றால்? அப்போது அவசரப்பட்டு ஹார்மோன் ஆரம்பிக்க வேண்டாம். முதலில் டி.எஸ்.எச். பாருங்கள். தைராய்டு மாத்திரை அளவு கூடிவிட்டாலே வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரும், அப்படியே மெனோபாஸ் மாதிரி. இரத்தச்சோகையும் படபடப்பைத் தரும், பல மாதம் இரத்தப்போக்கு இருந்து ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணுக்கு அது இன்னும் மீதமிருக்கலாம். பிறகு, சினைப்பை ஓயும்போது உயரும் எஃப்.எஸ்.எச்., கூடவே எஸ்ட்ராடையால். சில வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை. கருப்பையை எடுத்தவர்களுக்குச் சினைப்பைகள் இருந்தாலும் அவை சில வருடம் முன்னதாகவே ஓய்ந்துவிடுவது உண்டு. மாதவிடாயும் இல்லாததால் ஓய்ந்தது தெரியாமலே போகும். எஃப்.எஸ்.எச். இரண்டு முறையும் மெனோபாஸ் அளவுக்கு உயர்ந்திருந்தால், மேலே சொன்ன அத்தனையும் அக்காவுக்குப் பொருந்தும்.

‘ஹார்மோன் இம்பேலன்ஸ்’ என்ற சொல்லை நான் நம்புவதில்லை. பி.சி.ஓ.டி. என்ற சினைப்பை நீர்க்கட்டிக்கும் அதைச் சொல்கிறார்கள், முகப்பருவுக்கும் சொல்கிறார்கள், மாமியார்–மருமகள் சண்டைக்கும் சொல்கிறார்கள். எந்த ஹார்மோன், கூடியதா குறைந்ததா என்று கேளுங்கள். பி.சி.ஓ.டி. உள்ள 25 வயதுப் பெண்ணுக்குக் கொடுக்கும் மாத்திரை கருத்தடை மாத்திரை வகை. அதற்கும் எச்.ஆர்.டி.க்கும் மருந்தும் அளவும் வேறு.

வீட்டில் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடும் ஒரு தொல்லை உண்டு. பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சல், உறவின்போது வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு. அக்கா உங்களிடம் இதைச் சொல்லமாட்டார், அதனால் மருத்துவரே கேட்கவேண்டும். மாத்திரையோ ஜெல்லோ எடுத்தும் இது போகவில்லை என்றால் எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் உள்ளே வைக்கலாம். முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு முறை. இரத்தத்தில் கலப்பது மிகமிகக் குறைவு. 70 வயதுப் பாட்டிமார்களுக்குத் திரும்பத் திரும்ப யூரின் இன்ஃபெக்ஷன் வந்து ஆன்டிபயாட்டிக்காகத் தின்றுகொண்டிருப்பார்கள், இந்த ஒரு க்ரீமில் பலருக்கு அது நின்றுபோகும்.

தண்ணீர்விட்டான் கிழங்கு, சோயா என்று யாராவது சொல்வார்கள். 52 வயதில் லேசான கொதிப்புக்குச் சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்றால் நான் சண்டை போடமாட்டேன். சினைப்பை இல்லாத 42 வயதுப் பெண்ணின் எலும்பையும் இதயத்தையும் அவை காப்பாற்றாது. மார்பகப் புற்றுநோய் வந்து ஹார்மோன் எடுக்க முடியாதவர்களுக்கு வென்லாஃபாக்ஸின், கபாபென்டின் போன்ற மாத்திரைகள் கொதிப்பை ஓரளவு அடக்கும். மூளையின் அந்த நரம்புக் கூட்டத்தையே குறிவைக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற மருந்துக்கு 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் கொதிப்புக்கு மட்டுமே, எலும்புக்கு உதவாது.

ஆரம்பிக்கும் முன் ஒரு மேமோகிராம், பி.பி., சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனை, முடிந்தால் எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன். மூன்று மாதத்தில் ஒரு முறை பார்க்கவேண்டும், பிறகு வருடம் ஒரு முறை. நான் அக்காவை நேரில் பார்க்கவில்லை, அளவும் பெயரும் அவருடைய மருத்துவர் முடிவு செய்யவேண்டியவை. எச்.ஆர்.டி. யோசிக்கலாம் என்று அவராகவே சொல்லியிருக்கிறார் என்பதே நல்ல அறிகுறி. அவரிடம் “ஜெல்லா மாத்திரையா, எவ்வளவு நாள், எத்தனை மில்லிகிராம், டி.எஸ்.எச். எப்போது மறுபடி பார்ப்பீர்கள்” என்று நான்கு கேள்வி கேளுங்கள்.

சம்மரியில் என்ன எழுதியிருந்தது, அத்தைக்கு எந்த வயதில் வந்தது, இரண்டையும் விசாரித்து எழுதுங்கள். அத்தையிடம் கேட்கும்போது அவருடைய பயாப்சி ரிப்போர்ட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.